நீலகிரியில் முதல் முறை திருட்டு வழக்கில் சிக்கியவருக்கு: எஃப்.ஐ.ஆர் முதல் தீர்ப்பு வரை

எஃப்.ஐ.ஆர் கையில் கிடைத்ததும் பார்க்க வேண்டியவை இரண்டு: என்ன பிரிவு, பொருளின் மதிப்பு எவ்வளவு. ஜாமீன், விசாரணை முறை, தண்டனை, சமரசம் எல்லாம் இந்த இரண்டையும் பிடித்துத்தான் நகரும். பலர் வக்கீல் ஃபீஸ் பற்றிப் பேசிக்கொண்டு இவற்றைக் குற்றப்பத்திரிகை வரும்வரை கவனிப்பதே இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவத்துக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-தான். புதிய சட்டத்தில் சாதாரணத் திருட்டு 303(2). மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் முறை தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவை மட்டுமே. அந்த வகைக்குப் போலீஸ் தானாக வழக்குப் பதிந்து கைது செய்ய முடியாது. ஜாமீனும் உரிமையாகக் கிடைக்கும். 5,000-ஐத் தொட்டுவிட்டால் அதே திருட்டு ‘ஜாமீனில் விடமுடியாத குற்றம்’; அதாவது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே மதிப்பு எப்படிப் போடப்பட்டது என்று கேளுங்கள். 200 கிலோ பச்சைத் தேயிலை, கிலோ 20 ரூபாய் என்று வைத்தால் 4,000 ரூபாய். எஃப்.ஐ.ஆரில் 8,000 என்று இருந்தால் அது எங்கிருந்து வந்தது? அந்த மாதத்துக்குத் தேயிலை வாரியம் அறிவித்த பச்சை இலை விலை, பக்கத்து ஃபேக்டரியின் கொள்முதல் ரசீது, எடை போட்ட சீட்டு ஆகியவற்றை அப்போதே எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. பழைய செல்போனுக்குப் புதுப்போன் விலை போடுவதும் சகஜம்.

பிரிவிலும் இதே கவனம் வேண்டும். வீடு, காட்டேஜ், லாட்ஜ் அறைக்குள் நடந்தது, பஸ்ஸிலோ லாரியிலோ இருந்த பொருளை எடுத்தது, கோயில் போன்ற வழிபாட்டு இடத்தில் சிலையையோ திருவுருவத்தையோ எடுத்தது எல்லாம் 305. வேலைக்காரர் முதலாளியின் பொருளை எடுத்தால் 306. இரண்டுக்கும் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 5,000 ரூபாய்ச் சலுகை கிடையாது. எஸ்டேட் தொழிலாளி என்றாலே 306 போடுவார்கள். அவர் எஸ்டேட்டின் ஆளா, காண்ட்ராக்டரின் ஆளா, அந்தப் பொருள் அப்போது யார் பொறுப்பில் இருந்தது என்பதையெல்லாம் வக்கீல் கிளற வேண்டும். காட்டு மரம் சம்பந்தப்பட்டிருந்தால் வனச் சட்டமும் சேரும். அது தனி வழி.

எஃப்.ஐ.ஆர் நகல் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கிடைக்கும். 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. இணைப்புச் சிக்கல் உள்ள இடங்களுக்கு 72 மணி நேரம் வரை விலக்கு இருப்பதால், மலையில் இரண்டு நாள் தாமதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஸ்டேஷனில்

ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றத்துக்குக் கைது என்பது கட்டாயமில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் வந்தால் போகாமல் இருக்காதீர்கள். போகாததே கைதுக்குக் காரணமாகிவிடும். போய் வந்ததற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. ஆனால் அதன் பேரில் பொருள் எடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் அது உள்ளே வரும். வழக்கின் உயிர் பெரும்பாலும் இந்த ‘ரெக்கவரி’ மகஜரில்தான், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்குச் சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் குறிப்பில்தான். பொருள் எடுத்த இடம் யாரும் வந்துபோகும் இடமா, மகஜர் சாட்சிகள் உள்ளூர்க்காரர்களா, பொருள் புகார்தாரருடையதுதான் என்று எதை வைத்து அடையாளம் காட்டினார்கள் என்பவை முக்கியம். தேயிலையிலும் கேரட்டிலும் எஸ்டேட் பெயர் எழுதியிருக்காது. சிசிடிவி பதிவு என்றால் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. ‘கூலி பாக்கி இருந்தது, அதற்காக எடுத்தேன்’ என்று சொல்வது தற்காப்பு போலத் தோன்றும். நீதிமன்றத்தில் அது எடுத்ததை ஒத்துக்கொண்டதாகவே முடியும். எல்லைத் தகராறுள்ள நிலத்தில் தன்னுடையது என்று நம்பிப் பறித்தது வேறு விஷயம். அதற்குப் பட்டா, சர்வே வரைபடம், பழைய புகார் மனு இருந்தால் வலுவான வாதம்.

கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் கொண்டுவர வேண்டும். அடித்தார்களா, எப்போது பிடித்தார்கள், மொழி புரிந்ததா என்பதை அங்கேயே சொல்லுங்கள். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் மக்களில் நீதிமன்றத் தமிழ் எட்டாதவர்கள் உண்டு. புரியாமல் தலையாட்டுவது பின்னால் திருத்த முடியாத தவறு. மொழிபெயர்ப்பாளர் கேட்க உரிமை உண்டு.

வக்கீலும் ஜாமீனும்

பெண்கள், பழங்குடியினர், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. ஊட்டியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள்; நாடு முழுவதற்குமான சட்ட உதவி எண் 15100.

ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வராமல் கிடப்பதுதான் மலையில் அதிகம். லைன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில்) இருப்பவரிடம் சொத்து வரி ரசீது இருக்காது. சொந்தக்காரர் பெரும்பாலும் அதே லைனில்தான். சம்பளச் சீட்டு, ஆர்.சி. புத்தகம், பட்டா வைத்திருக்கும் இரண்டு பேரை ஜாமீன் மனு போடும் நாளிலேயே தயார் செய்யுங்கள். ஆதார், ரேஷன் கார்டு அசலும் நகலும், புகைப்படமும் வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்றால் ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விடவும், ஜாமீன் தொகையைக் குறைக்கவும் மனு போடலாம். ஜாமீன்தாரர் உள்ளூர்க்காரராகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டாம் என 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ரிமாண்ட் ஆன (நடுவர் காவலில் வைக்க உத்தரவிட்ட) நாளையும் சேர்த்து 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமை. 61-ம் நாள் காலையிலேயே மனு போட வேண்டும். மதியம் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால், அதற்குள் மனு போடாதவருக்கு அந்த உரிமை போய்விடும்.

வாய்தா

வெளியே வந்தபின் வழக்கைக் கெடுப்பது ஆஜராகாமைதான். பர்லியாறு பக்கம் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்பது உண்மையாகவே இருக்கலாம், நீதிமன்றத்துக்குத் தெரியாதே. பத்து மணிக்கு முன் வக்கீலுக்குச் சொன்னால் பி.என்.எஸ்.எஸ். 355-ன் கீழ் ஆஜராகாமை மனு போட்டுவிடுவார். பிடிவாரண்ட் ஆகிவிட்டால் ஒளியாமல் அடுத்த நாளே வக்கீலோடு போய் ரத்து செய்யக் கேளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் வாய்தா இருந்தால் முதல் நாளே கிளம்புவது நல்லது. அடுத்த தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் சி.என்.ஆர். எண்ணைப் (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி எண்) போட்டுப் பார்க்கலாம்.

ஒத்துக்கொள்வதற்கு முன்

‘ஒத்துக்கிட்டா அபராதம் கட்டிட்டு இன்னைக்கே போயிடலாம்’ என்று வராண்டாவில் யாராவது சொல்வார்கள். 303-ல் அடுத்த முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஓர் ஆண்டு கடுங்காவல். அந்தக் கணக்கில் இன்றைய அபராதமும் ஒரு தண்டனைதான். அரசு வேலைக்குப் போகும் வயதுப் பையனாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

முதலில் சமரசம். 303(2) வழக்கில் பொருளின் சொந்தக்காரர் சம்மதித்தால் முடித்துக்கொள்ளலாம். அதன் பலன் விடுதலைக்குச் சமம். 305-க்கு அந்த வழி இல்லை. பிரிவைப் பற்றி முதலில் சண்டை போடச் சொன்னது இதற்காகவும்தான். பணத்தை நேரில் கொடுத்துவிட்டு, மனுவில் அவர் கையெழுத்து இல்லாமல் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

சமரசம் நடக்காவிட்டால், ஆவண நகல்கள் கிடைத்த 60 நாளுக்குள், வழக்கிலிருந்தே விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனு. மதிப்பு 20,000 ரூபாய்க்கு மேல் போகாத திருட்டுக்குச் சுருக்க விசாரணை. அதில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது.

தப்பு நிரூபணமாகும் என்று தெரிந்தால் 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தைக் கேளுங்கள். பிரிவு 3-ல் எச்சரித்து விடலாம், 4-ல் மூன்று ஆண்டுக்கு மேற்படாத நன்னடத்தைப் பத்திரம் வாங்கிக்கொண்டு விடலாம். 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்புவதானால் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வாங்கி, காரணமும் எழுத வேண்டும். அந்த அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். வேலை செய்யும் இடத்துக் கடிதம், படிப்புச் சான்று, குடும்பம் இவரை நம்பியிருப்பதற்கான ஆதாரம் தயாராக இருக்கட்டும். இந்தச் சட்டப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று பிரிவு 12 சொல்கிறது. நீதிமன்றம் தானாகவே நினைத்துக்கொள்ளும் என்று இருக்காமல் தண்டனை பற்றிக் கேட்கும் நேரத்தில் எழுத்து மூலம் மனுவாகக் கொடுங்கள்.

இன்னொரு வழி தண்டனைப் பேரம்: குற்றத்தை ஒத்துக்கொண்டு குறைந்த தண்டனை கேட்பது. நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்த (முறையாகப் பதிவு செய்த) 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முன்பு தண்டனை பெறாதவருக்கு, குறைந்தபட்சத் தண்டனை இல்லாத குற்றத்தில், உச்ச தண்டனையின் ஆறில் ஒரு பங்கு வரை இறக்கலாம். 303(2)-க்கு ஆறு மாதம், 305-க்குப் பதினான்கு மாதம். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

பதினெட்டு வயது நிரம்பாதவராக இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றையோ ரிமாண்ட் நாளன்றே காட்டி, வழக்கை இளைஞர் நீதிக் குழுமத்துக்கு மாற்றக் கேளுங்கள்.