புரோமோ, இஜென் சூரிய உதயம்: பிளானை மாத்தி வாங்கின கதை

இந்தோனேசியாவோட கிழக்கு ஜாவாவுல புரோமோ, இஜென் ரெண்டு எரிமலையும் பாக்கணும்னு கேட்டா எல்லாரும் ஒரே பேக்கேஜைத்தான் நீட்டுறாங்க, சுரபாயால ஏத்தி, அடுத்தடுத்த ரெண்டு ராத்திரியும் தூக்கமே இல்லாம ரெண்டையும் முடிச்சு பாலி தீவுல இறக்கி விட்ருவாங்க. கூட வர்ற அக்காவுக்கு முட்டி வலி வேற, இது சரிப்படாதுன்னு லோக்கல் கைடுகிட்ட நேரா வாட்ஸ்அப்ல பேசி பிளானையே மாத்திட்டோம்.

புரோமோவுக்கு பக்கத்து கிராமமான செமோரோ லவாங்லயே ரூம், அங்கேர்ந்து பெனன்ஜாகான் வியூபாயின்ட்டுக்கு (2770 மீட்டர்) ஜீப் போயிடும், அதனால அக்காவுக்கு ஏறுற வேலையே இல்ல, கிரேட்டர் (எரிமலை வாய்) விளிம்புக்கு போற 250 படி மட்டும் அவங்க இஷ்டம். அடுத்த ராத்திரி முழுசா தூக்கம், இஜென் பக்கத்து ஊரான பன்யுவாங்கில. அதுக்கப்புறம்தான் இஜென்.

இஜென்ல நீல நெருப்பு பாக்கணும்னா இருட்டுலயே கிரேட்டருக்குள்ள இறங்கணும், கந்தக வாயு பத்தி எரியுறது விடிஞ்சா கண்ணுக்கு தெரியாது. ஏத்தம் ஆரம்பிக்கிற பால்டுடிங்லேர்ந்து விளிம்புக்கு 3 கிலோமீட்டர், நல்ல ஏத்தம். அக்கா மேலயே நின்னுட்டாங்க, நான் மட்டும் இறங்கினேன், அதுக்காகவே ரெண்டு கைடு கேட்டு வாங்கினோம், காசு கொஞ்சம் கூடத்தான், பரவால்ல. கேஸ் மாஸ்க் ஸ்ட்ராப்பை ஏறுறதுக்கு முன்னாடியே இறுக்கி பாத்துக்கோங்க, காத்து திரும்பினா தொண்டை எரியும். கந்தகக் கூடையை தோள்ல தூக்கிட்டு தொழிலாளிங்க வருவாங்க, 70 கிலோவுக்கு மேல வெயிட்டு, போட்டோ அப்புறம், முதல்ல வழி விடுங்க.

பாலி போறவங்க கெத்தாபாங் துறைமுகத்துல ஃபெர்ரி ஏறுறப்ப ஒண்ணு, பாலி டைம் ஜாவாவை விட ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும், ஹோட்டலுக்கு அதை கணக்கு பண்ணி சொல்லிடுங்க.