கல்யாணப் பூவை வீட்டிலேயே கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாணப் பூவில் காசு வீணாவது பெரும்பாலும் நேரக் கணக்கு தப்புவதால்தான். கிலோவுக்கு நூறு ரூபாய் குறைத்து வாங்கிவிட்டு, முகூர்த்தத்துக்கு முன்பே பூ பழுப்பேறிப் போனால், மண்டப வாசலில் முழக்கணக்கில் மறுபடி வாங்க வேண்டிவரும். அதனால் விலை விசாரிப்பதற்கு முன்னால், எந்தப் பூ எந்த வேளைக்கு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் மல்லி. விடிகாலையில் மொட்டாகப் பறித்த மல்லி அன்று மாலை இருட்டும் நேரத்தில் விரியும். மாலை வரவேற்புக்கு என்றால், அன்று காலை வாங்கி மதியத்துக்குள் கட்டிவிட்டால் போதும். தலையில் வைத்தபின் விரிந்து மணக்கும். விடிகாலை முகூர்த்தம்தான் சிக்கல். அன்றைய பூ கைக்கு வந்து சேர நேரம் இருக்காது. முதல் நாள் காலையே வாங்க வேண்டும், வாங்கியதும் மொட்டாகவே கட்ட வேண்டும். "ராத்திரி எல்லாரும் உட்கார்ந்து கட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ராத்திரிக்குள் பூ விரிந்துவிடும். விரிந்த பூவில் விரல் பட்ட இடமெல்லாம் காலையில் பழுப்பாகத் தெரியும்.

கட்டிய சரத்தின் மேல் தண்ணீர் தெளித்து வைப்பதும் தப்பு. இதழில் தங்கும் நீர்த்துளிதான் கறையாக மாறுகிறது. பருத்தித் துணியை நனைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, அதில் சரத்தைத் தளர்வாகச் சுற்றி, வாழை இலைக்குள் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசர் பக்கமே போக வேண்டாம். உறைந்த பூ வெளியே எடுத்ததும் கண்ணாடி போல ஆகித் துவண்டுவிடும்.

அடுத்தது அளவு. "ரெண்டு கிலோ போதும்" என்று யாரோ சொன்னதை நம்பி வாங்காதீர்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் 100 கிராம் வாங்கிக் கட்டிப் பாருங்கள். எத்தனை முழம் வந்தது, ஒரு முழத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்ற இரண்டும் தெரிந்துவிடும். நெருக்கமாகக் கட்டுபவர் கைக்கும் தளர்வாகக் கட்டுபவர் கைக்கும் பூச்செலவு ரொம்பவே மாறும் என்பதால், கட்டப்போகிறவரே இதைச் செய்து பார்க்க வேண்டும். ஒரு முழத்துக்கு 20 நிமிடம் என்றால் 40 முழத்துக்கு 800 நிமிடம், அதாவது 13 மணி நேரத்துக்கு மேல். நான்கு பேர் உட்கார்ந்தால் மூன்றரை மணி நேரத்தில் முடியும்; ஒரே ஒரு அத்தை தலையில் கட்டினால் அவர் கல்யாணமே பார்க்க மாட்டார்.

நாரையும் கவனியுங்கள். காய்ந்த வாழைநாரை அப்படியே எடுத்தால் முடிச்சில் ஒடியும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுங்கள். நைலான் நூல் வேண்டாம், இறுக்கும்போது காம்பை அறுத்துவிடும்.

விலை விஷயத்தில் தை மாதம்தான் கையைக் கடிக்கும். பனியில் மல்லி வரத்து குறையும், அதே சமயம் முகூர்த்தங்கள் குவியும். அந்த மாதத்தில் எல்லாமே மல்லி என்று பிடிவாதம் பிடிக்காமல், மணப்பெண் தலைக்கு மட்டும் மல்லி வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் காக்கட்டானையோ கனகாம்பரத்தையோ கட்டலாம். மாலைக்கும் அலங்காரத்துக்கும் சம்பங்கி. மாட்டுத்தாவணி, திண்டுக்கல், தோவாளை, கோயம்பேடு மாதிரி மொத்த சந்தைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே போய்விட வேண்டும். நனைந்து கிடக்கும் குவியலில் வாங்காதீர்கள். பூவின் விலையில் தண்ணீரையும் சேர்த்து எடை போட்டு வாங்குகிறீர்கள். செண்டுமல்லி, செவ்வந்தி இரண்டும் ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் உள்ளிதழ் அழுகி வாடை வரும்.

மாலை மாற்றும் ஜோடி மாலையை, பழக்கமில்லாதவர்கள் கடையில் வாங்கிவிடுவதே நல்லது. மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன. கட்டியே தீருவேன் என்றால் சம்பங்கி மாலையாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். நூலை இரட்டையாக எடுங்கள். ரோஜா சேர்க்கும்போது ஊசியை இதழில் குத்தாமல், பூவின் அடியில் உள்ள பச்சைக் குமிழ் வழியாக ஏற்றுங்கள். இதழில் குத்தினால் தோளில் போட்டதும் கொட்ட ஆரம்பிக்கும். பன்னீர் ரோஜா எப்படிக் கோர்த்தாலும் சீக்கிரம் உதிரும். அதைத் தட்டில் தூவ வைத்துக்கொண்டு, மாலைக்குப் பட்டன் ரோஜா வாங்குங்கள். ஹோமத்தின் முன் மணிக்கணக்கில் உட்காரப் போகும் மாலை இது. கனத்தைக் குறைத்தால் கழுத்துக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

வரவேற்பு மேடைக்கு ஓசூர்ப் பக்கமிருந்து வரும் டச்சு ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் வாங்குபவர்கள், கட்டைப் பிரித்ததும் நேராக அலங்காரத்தில் செருகிவிடுகிறார்கள். வழியில் தண்ணீரில்லாமல் வந்த தண்டின் அடியில் காற்று அடைத்திருக்கும்; அதற்கு மேல் தண்ணீர் ஏறாமல் ரோஜா தலை தொங்கும். தண்டின் நுனியைத் தண்ணீருக்குள் வைத்தபடியே ஒரு அங்குலம் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, சுத்தமான வாளியில் நான்கைந்து மணி நேரம் நிழலில் நிற்க வையுங்கள். ஜெர்பராவுக்கு மட்டும் நான்கு விரல் தண்ணீர் போதும், அதிகமானால் தண்டு அழுகும். பூச்செருகும் பச்சை ஸ்பாஞ்சைக் கையால் அமுக்கி முக்கக் கூடாது. தண்ணீரில் மிதக்கவிட்டு, தானாக மூழ்க விடுங்கள். அமுக்கினால் நடுப்பகுதி காய்ந்தே இருக்கும், அதில் செருகிய பூ தாகத்தில் வாடும்.

வாளிகளை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கல்யாண வீட்டில் பழுக்கும் வாழைத்தார்களை அடுக்கியிருக்கும் அறைதான் குளுமையாக இருக்கும், அங்கேயே பூவையும் வைத்துவிடுவார்கள். பழம் பழுக்கும்போது வெளிவரும் எத்திலீன் வாயு கார்னேஷனை ஒரே இரவில் சுருங்க வைத்துவிடும். பழத்துக்கு ஒரு அறை, பூவுக்கு வேறு அறை.

செலவில்லாமல் தோட்டத்தில் கிடைக்கிறதே என்று அரளியை எல்லா இடத்திலும் சேர்க்கிற பழக்கமும் உண்டு. அரளியின் பூ, இலை, பால் எல்லாமே நஞ்சு. வாசல் தோரணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பந்தி மேசை, பழத்தட்டு, கேக் பக்கம் அது வரக்கூடாது, தொடுத்தவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே சமையல் பக்கம் போக வேண்டும்.