சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் வானியல் கற்கத் தொடங்கும் முறை

வானியலைக் கற்கத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் கோள்களின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்து, அதோடு நின்றுவிடுகிறார்கள். எட்டுப் பெயர்களையும் தடையின்றிச் சொல்லும் மாணவரிடம், இன்று மாலை வியாழன் எந்தத் திசையில் இருக்கும் என்று கேட்டால் விடை வருவதில்லை. பாடத்தில் உள்ள கோளும் மொட்டை மாடிக்கு மேலே உள்ள கோளும் ஒன்றுதான் என்ற எண்ணம் அவர்களுக்குள் ஊன்றவில்லை என்பதே இதன் காரணம் என்று கருதுகிறேன். அதை ஊன்றச் செய்வதற்குத் தொலைநோக்கி தேவையில்லை. நேரான ஒரு குச்சி, சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி, தேதியிட்டு எழுத ஒரு குறிப்பேடு ஆகிய மூன்றும் போதும். இவற்றைக் கொண்டே வியாழனும் சனியும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதுவரை ஒரு மாணவர் தாமே கணக்கிட்டுவிடலாம்.

பகலில் தொடங்குங்கள்

சமதளமான இடத்தில் ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியை நூல்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டு, காலை பதினொன்றரை மணி முதல் ஒரு மணி வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறித்து வாருங்கள். நிழல் மிகக் குறுகி நிற்கும் நேரமே உங்கள் ஊரின் உண்மையான உச்சிப்பொழுது; அந்த நிழல் கிடக்கும் கோடே துல்லியமான வடக்கு தெற்குக் கோடு. கடிகாரத்தில் அப்போது பன்னிரண்டு மணியாக இருக்காது. இந்தியாவின் பொது நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகைக்கு உரியது; சேலம் ஏறத்தாழ 78.15 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆவதால், சேலத்தின் உச்சிப்பொழுது சராசரியாகப் பதினேழு நிமிடம் தாமதமாக, 12.17 மணி அளவில் வருகிறது. பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும் அதன் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதும் இந்த நேரத்தை மேலும் முன்பின் நகர்த்துகின்றன: நவம்பர் தொடக்கத்தில் உச்சி 12.01 மணிக்கும், பிப்ரவரி நடுவில் 12.31 மணிக்கும் வரும்.

இதே அளவீட்டை மாதம் ஒருமுறை செய்து வந்தால் பருவங்களின் காரணம் கண்ணெதிரே விரியும். சேலத்தின் அட்சரேகை வடக்கு 11.65 பாகை. டிசம்பர் 21 அன்று ஒரு மீட்டர் குச்சியின் உச்சி நிழல் 70 சென்டிமீட்டர் நீளத்துக்கு வடக்கே விழும். ஏப்ரல் 20-ஐ ஒட்டிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து நிழல் காணாமற்போகும். ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி அது மீண்டும் நிகழும். இடைப்பட்ட நான்கு மாதங்களில் நிழல் தெற்கே விழும் என்பதையும், ஜூன் 21 அன்று அதன் நீளம் 21 சென்டிமீட்டர் என்பதையும் மாணவர்கள் தாமே அளந்து காணவேண்டும். சூரியன் கிழக்கில் உதித்து மேற்கில் மறைகிறது என்ற ஒற்றை வாக்கியம் ஆண்டில் இரண்டு நாட்களுக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும் என்பது அப்போதுதான் விளங்கும்.

சூரியனை வெறுங்கண்ணாலோ பைனாகுலராலோ ஒருபோதும் பார்க்கக் கூடாது. அதன் பிம்பத்தை மட்டுமே பார்க்கவேண்டும். அட்டையில் குத்திய சிறு துளை வழியே இரண்டு மீட்டர் தள்ளிப் பிடித்த வெள்ளைத் தாளில் விழும் ஒளிவட்டம் சூரியனின் பிம்பமே. அதன் குறுக்களவு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். தொலைவில் சுமார் 107-இல் ஒரு பங்கு சூரியனின் குறுக்களவு என்பதை இதிலிருந்து பெறலாம். தொலைவு 15 கோடி கிலோமீட்டர் எனில் சூரியன் 14 லட்சம் கிலோமீட்டர் அகலமுடையது. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலினூடே தரையில் சிதறிக் கிடக்கும் ஒளிவட்டங்களும் இலையிடுக்குகள் வரைந்த சூரிய பிம்பங்களே.

நாள்காட்டியும் நிலவும்

தினசரி நாள்காட்டித் தாளில் அச்சிடப்பட்டிருக்கும் நட்சத்திரம், அன்று நிலவு வானத்தின் எப்பகுதியில் உள்ளது என்பதைச் சொல்கிறது. ராசிபலனைப் பற்றி இங்கே பேச்சில்லை. நாம் எடுத்துக்கொள்வது இடக்குறிப்பை மட்டுமே. "ரோகிணி மாலை 4.10 வரை, பிறகு மிருகசீரிடம்" என்று இருந்தால், இரவில் பார்ப்பவர் பின்னுள்ள பெயரைக் கொள்ளவேண்டும். நிலவு நாளொன்றுக்குச் சுமார் 13 பாகை கிழக்கே நகர்ந்து, 27.3 நாட்களில் வானத்தை ஒருமுறை சுற்றிவிடுகிறது; 27 நட்சத்திரப் பிரிவுகள் அமைந்த அடிப்படை இதுதான். ஆனால் அதற்குள் சூரியனும் நகர்ந்திருப்பதால், ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாட்கள் ஆகின்றன.

கையை முழுதாக நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் அதன் அகலம் வானில் ஏறத்தாழ பத்துப் பாகை. சுண்டுவிரல் ஒரு பாகை. நிலவை அடுத்தடுத்த இரு இரவுகளில் ஒரே நேரத்தில் பார்த்து, அருகிலுள்ள விண்மீனிலிருந்து எத்தனை முட்டி நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லா நட்சத்திரங்களும் இதற்கு உதவமாட்டா. கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகியவை நிலவின் பாதையை ஒட்டியிருப்பதால் எளிதில் அகப்படும். சுவாதியும் திருவோணமும் அப்பாதையிலிருந்து மிகவும் விலகியிருப்பதால் நிலவு அவற்றை நெருங்குவதே இல்லை.

இதிலிருந்து ஓர் அருமையான முடிவுக்குச் செல்லலாம். பௌர்ணமி நிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். கார்த்திகை தீபத்தன்று முழுநிலவு கார்த்திகைக் கூட்டத்தின் அருகே இருக்கிறதென்றால், சூரியன் அப்போது வானத்தின் மறுபுறத்தில், அனுஷம், கேட்டை இருக்கும் விருச்சிகத்தில் இருந்தாகவேண்டும். ஆகவே அம்மாதத்தில் கேட்டையை இரவில் எங்கு தேடியும் காணமுடியாது. ஆறு மாதம் கழித்து, மே இறுதியில், சூரியன் மறையும்போதே கேட்டை சிவப்பாகக் கிழக்கில் எழும். கார்த்திகைக் கூட்டமோ சூரிய ஒளியில் மறைந்திருக்கும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதைப் படமில்லாமல் உணர்த்த இதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன். ஒவ்வொரு விண்மீனும் நாளுக்கு நான்கு நிமிடம், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக உதிப்பதும் இதே காரணத்தால்தான்.

நம் ஊரின் வானம்

துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ அதுவே ஏறத்தாழ அந்த ஊரின் அட்சரேகை. சேலத்தில் அது ஒரு முட்டிக்குச் சற்று மேலே, மங்கலாகத் தெரியும். நகருக்கு வடக்கே சேர்வராயன் மலை எழுந்து நிற்பதால், அடிவாரத்தை ஒட்டிய கன்னங்குறிச்சி போன்ற பகுதிகளில் மலையே அதை மறைத்துவிடக்கூடும். கொண்டலாம்பட்டிப் பக்கம் தெற்கே தள்ளி நின்றால் முகட்டுக்கு மேலே காணலாம். வடக்கில் நாம் இழப்பதைத் தெற்கில் பெறுகிறோம். ஐரோப்பியரில் பெரும்பாலோர் தம் ஊரிலிருந்து காணவே முடியாத அகத்திய விண்மீன் நமக்குத் தெற்கே 25 பாகை வரை உயர்கிறது. மே நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் திரிசங்கு என்னும் சிலுவை வடிவ விண்மீன் கூட்டம் தெற்கில் செங்குத்தாக நிற்கும். அதன் இடப்புறம் தாழ்வாக ஒளிரும் ஆல்பா சென்டாரி, 4.37 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள நம் அண்டை விண்மீன் குடும்பம் (ஒளி ஓராண்டில் செல்லும் தொலைவே ஓர் ஒளியாண்டு). அதே நேரத்தில் வடக்கே திரும்பினால் சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரையும் அருகே அருந்ததியையும் பிரித்துக் காணலாம்.

ஏற்காட்டில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1,500 மீட்டர் உயரம் என்பதால் தூசி குறைவு, விண்மீன்கள் கூடுதல். ஆனால் சேலம் நகரம் ஏற்காட்டுக்குத் தென்தென்மேற்கில் கிடப்பதால், லேடீஸ் சீட் போன்ற இடங்களிலிருந்து தெற்கே தாழ்வான பகுதி நகர வெளிச்சத்தில் வெளுத்திருக்கும். தெற்கு விண்மீன்களை அவை தென்கிழக்கில் ஏறிவரும்போதே பார்த்துவிடுவது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். மே மாதக் கோடை விழாக் காலத்தில் மாலை மேகம் கலைந்த பின்னரே வாய்ப்பு. காட்டெருமை நடமாடும் தோட்டப் பாதைகளில் இரவில் இறங்கவேண்டாம். வீட்டு மாடியோ பள்ளி மாடியோ போதும்.

விண்மீன்களின் ஒளியளவைக் குறிக்கும் எண்முறையை 1856-இல் வரையறுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து எண் வேறுபாடு சரியாக நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்பது அவர் வகுத்தது. 1861-இல் அவர் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பேற்று, அங்கிருந்தே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். எண் கூடக்கூட ஒளி குறையும்; வெறுங்கண்ணுக்கு இருண்ட வானில் ஆறாம் எண் வரை தெரியும். கார்த்திகைக் கூட்டத்தில் உங்களால் எத்தனை விண்மீன்களை எண்ண முடிகிறது என்று சேலத்தில் ஒருமுறையும் ஏற்காட்டில் ஒருமுறையும் எழுதிவைத்தால், நகர வெளிச்சம் எவ்வளவு மறைக்கிறது என்பது எண்ணாகவே கையில் கிடைக்கும்.

விண்மீன்களின் வாழ்க்கையைக் கற்க வேட்டைக்காரன் மண்டலம் ஒன்றே போதும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் முன்னிரவில் அது உயரே நிற்கும். ஒரு தோளில் சிவந்திருக்கும் திருவாதிரையின் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின் வெப்பமுடையது. எதிர்க் காலில் நீலவெண்மையாக ஒளிரும் ரைகல் சுமார் 12,000 கெல்வின். உலைக்கூடத்தில் செந்நிறத்தைவிட வெண்ணிறம் சூடானது என்பதை அறிந்த ஊர்க்காரர்களுக்கு, இரும்பாலை இயங்கும் சேலத்தில், இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இடையிலிருந்து தொங்கும் வாளின் நடுவே பனிமூட்டமாகத் தெரிவது சுமார் 1,300 ஒளியாண்டுத் தொலைவில் புதிய விண்மீன்கள் பிறக்கும் வாயுமேகம். ரைகல் நீலப் பெருவிண்மீன். திருவாதிரை முடிவை நெருங்கியது. 2019 இறுதியில் அது வெளிப்படையாக மங்கியபோது வெடிக்கப்போகிறது என்ற பேச்சு எழுந்தது; அது வெளியேற்றிய தூசி ஒளியை மறைத்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. ஒரு விண்மீனின் முடிவை அதன் நிறையே தீர்மானிக்கிறது. ஒவ்வொரு விநாடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றிவரும் சூரியன், இறுதியில் வெண்குறுமீனாக, அதாவது எரிபொருள் தீர்ந்த சிறிய அடர்ந்த விண்மீனாகச் சுருங்கும். அத்தகைய வெண்குறுமீனின் நிறை சூரியனைப் போல் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்ற வரம்பை, 1930-இல் சென்னையில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்த சந்திரசேகர் தமது பத்தொன்பது வயதில் கணக்கிடத் தொடங்கினார். அவருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கோள்களும் தொலைவுகளும்

கோள்கள் சூரியனும் நிலவும் செல்லும் அதே பாதையில்தான் தென்படும். விண்மீனைப் போல் மினுக்காமல் நிலையாக ஒளிரும். நம் அட்சரேகையில் அந்தப் பாதை அடிவானத்திலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக எழுவதால், சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாத புதன்கூட நமக்கு எளிதாகக் கிடைக்கிறது.

குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை, சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை என்பது எல்லா வீடுகளிலும் தெரிந்த செய்தி. பன்னிரண்டு ராசிகளையும் சுற்ற வியாழனுக்கு 12 ஆண்டு, சனிக்கு 30 ஆண்டு. சுற்றுக்காலத்தின் இருமடியும் தொலைவின் மும்மடியும் சமம் என்பது 1619-இல் கெப்ளர் வெளியிட்ட விதி. காலத்தைப் பூமியாண்டிலும் தொலைவைப் பூமி சூரியத் தொலைவிலும் அளக்கவேண்டும். 12-இன் இருமடி 144. அதன் மும்மடி மூலம் 5.24. வியாழனின் உண்மையான தொலைவு 5.2. சனிக்கு 900-இன் மும்மடி மூலம் 9.65, உண்மையில் 9.5. நாள்காட்டியிலிருந்து இந்த எண்ணை எட்டிய மாணவருக்கு அது மறக்காது.

இந்தத் தொலைவுகளைக் கால்களால் நடந்து உணர்வதும் அவசியம். சூரியனாக 14 சென்டிமீட்டர் பந்தை மைதானத்தின் ஓரத்தில் வையுங்கள். அந்த அளவில் பூமி 15 மீட்டர் தள்ளி ஒரு கேழ்வரகு மணி. நிலவு அதிலிருந்து நான்கு சென்டிமீட்டர் தொலைவில் ஒரு துகள். வெள்ளி 11 மீட்டரில் இன்னொரு கேழ்வரகு. வியாழன் 78 மீட்டரில் ஒரு காபிப் பழம். சனி 143 மீட்டரில் சற்றுச் சிறிய காபிப் பழம். யுரேனஸ் 290 மீட்டரிலும் நெப்டியூன் 450 மீட்டரிலும் இரு மிளகுகள். இவற்றுக்கு மைதானம் போதாது, சாலைக்கு வரவேண்டும். அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரியை வைக்க 4,000 கிலோமீட்டர் செல்லவேண்டும். அது இந்தியாவின் முழு நீளத்தையும் விஞ்சியது. எல்லாக் கோள்களையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரைந்துகாட்டும் படங்களை நான் ஏற்பதில்லை என்பதற்கு இந்த நடையே காரணம்.

கருவி கடைசியில்

இவ்வளவும் பழகிய பின்னர் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் (முதல் எண் பெருக்கும் மடங்கு, இரண்டாவது முன்வில்லையின் மில்லிமீட்டர் அகலம்) வாங்குவது, மலிவான தொலைநோக்கியை வாங்குவதைவிடப் பயன் தரும். சனியின் வளையத்தைக் காண இருபத்தைந்து மடங்காவது பெருக்கும் தொலைநோக்கி வேண்டும் என்பது உண்மை. அதைப் பள்ளியோ நண்பர் குழுவோ சேர்ந்து வாங்கலாம். பெரிய கருவிகளை அறிய விரும்புவோர், திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுச் செல்லலாம். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கு இயங்குகிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது வளையங்களின் தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

பைனாகுலரைக் கைநடுக்கமின்றிச் சுவரிலோ முக்காலியிலோ நிறுத்தி வியாழனைப் பாருங்கள். கலிலியோ 1610-இல் கண்ட நான்கு நிலவுகளும் ஒரே கோட்டில் புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வோர் இரவும் அவை வியாழனுக்கு எப்பக்கம், எவ்வளவு தள்ளி இருந்தன என்பதைக் குறிப்பேட்டில் ஒரே அளவுகோலில் வரைந்து, அப்படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். மிக விலகிச் செல்லும் கலிஸ்டோ ஒரு சுற்றுக்கு 16.7 நாட்கள் எடுப்பதை மூன்று வாரப் படங்களிலிருந்தே படிக்கலாம், அயோ 1.77 நாட்களில் சுற்றுவதைப் பிடிக்க ஒரே இரவில் மாலையும் நள்ளிரவும் இருமுறை வரைய வேண்டியிருக்கும்.