கொழும்பில் பாவித்த கார் வாங்குதல்: தேவையிலிருந்து பெயர்மாற்றம் வரை

முதன்முறையாகப் பாவித்த கார் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நுகர்வோர் நடத்தை பற்றிய பாடநூல்கள் ஒரு கொள்வனவை ஐந்து படிகளாகப் பிரிக்கின்றன. நம்மவர்களில் பலர் முதலாம் படியைத் தாண்டி நேரே விளம்பரங்களுக்குள் இறங்கிவிடுவதால், அந்தப் படியிலேயே சற்று நிற்போம்.

படி 1: தேவையை எழுதுங்கள்

யார் ஓட்டுவார், வழக்கமாக எத்தனை பேர் ஏறுவார்கள், யாழ்ப்பாணம் போன்ற தூரப் பயணங்கள் அடிக்கடி வருமா, இரவில் கார் எங்கே நிற்கும் என்பவற்றுக்கு ஒரு தாளில் விடை எழுதுங்கள். வெள்ளவத்தையின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில் வசிப்பவர் கேற்றின் அகலத்தையும் தரிப்பிடத்தின் நீளத்தையும் அளந்து அதே தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

"விற்கும்போது நல்ல விலை போகவேண்டும்" என்பது அந்தத் தாளின் முதல் வரியாக இருக்கக்கூடாது என்பது என் கருத்து. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பாவித்த கார்களின் விலை ஏறிக்கொண்டே போனதால், காரையும் காணியைப்போல ஒரு முதலீடாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே ஊறிவிட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்துவிட்ட நிலையில், அந்தப் பழைய கணக்கை நம்பி வீட்டுக்குப் பொருந்தாத காரை வாங்குவதற்கு நியாயமில்லை.

படி 2: தகவல் தேடுங்கள்

இணைய விளம்பரங்களில் இருப்பது விற்பவர் கேட்கும் விலை மட்டுமே. அதே மொடலை வைத்திருக்கும் உறவினரிடம் எரிபொருள் செலவையும், பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப்பாகங்களின் விலையையும் விசாரியுங்கள். தரகர் சொல்வதைக் கேட்கலாம். ஆனால் அவருடைய தரகுப்பணம் விற்பனை முடிந்தால்தான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கழித்த பின்னர் ஒப்பிடுங்கள்

எல்லாக் கார்களையும் எல்லா அம்சங்களிலும் ஒப்பிட முயன்றால் தலைதான் சுற்றும். மனிதர்கள் ஓர் அம்சத்தை எடுத்து, அதற்குப் பொருந்தாதவற்றை நீக்கி, பிறகு அடுத்த அம்சத்துக்குப் போகும் முறையை உளவியலாளர் ஏமொஸ் ட்வெர்ஸ்கி 1972இல் விளக்கினார். அதையே வேண்டுமென்று செய்யுங்கள். முதலில் கையிருப்பும் லீசிங் தவணையும் தாங்காதவற்றை நீக்குங்கள். அடுத்து தரிப்பிடத்துக்குள் அடங்காதவற்றை நீக்குங்கள். வேகன் ஆர், விட்ஸ், அக்குவா என மூன்று மிஞ்சினால், அவற்றை மட்டும் புள்ளியிட்டு ஒப்பிடலாம். அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் எரிபொருள் மிச்சமாகும். ஆயினும் பழைய பற்றரியை மாற்றவேண்டி வந்தால் ஆகும் செலவையும் விலையோடு கூட்டியே பார்க்கவேண்டும்.

படி 4: பார்வையிட்டு வாங்குங்கள்

எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டு, பகல் வெளிச்சத்தில் போங்கள். போனதும் பொனற்றின் மேல் கை வையுங்கள்; சூடாக இருந்தால், எஞ்சின் ஏற்கெனவே ஓடியிருக்கிறது. பொனற்றின் கீல் ஆணிகளில் பெயின்ற் உரிந்திருந்தால், அது ஒருமுறை கழற்றப்பட்டிருக்கலாம். மீற்றர் குறைந்த ஓட்டத்தைக் காட்ட, பிரேக் பெடலின் ரப்பர் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் ஐயப்பட இடமுண்டு. ஆசனப் பட்டியை முழுவதுமாக வெளியே இழுத்து, அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2016 மேயில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி மூழ்கியதை மறக்காத நகரத்தில் இது வீண் சந்தேகம் ஆகாது. அதன் பிறகு, விற்பவருக்கு அறிமுகமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டுங்கள்.

பதிவுச் சான்றிதழிலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்திலுள்ளவற்றோடு ஒத்திருக்கவேண்டும். அதில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ஆவணம் கைக்கு வராமல் முழுப்பணத்தையும் கொடுக்காதீர்கள். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி ஆகியவற்றின் திகதிகளையும் பாருங்கள். "ஓபன் பேப்பரில்", அதாவது பெயரை மாற்றாமல் விற்பவர் கையெழுத்திட்ட பத்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஓடலாம் என்று யார் ஆசைகாட்டினாலும் இணங்காமல், தாமதமின்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 5: வாங்கிய பின்னர்

பணம் கைமாறிய சில நாட்களில் "இன்னும் நல்லது கிடைத்திருக்குமோ" என்ற எண்ணம் வருவது இயல்பு. அப்போது விளம்பரங்களை மறுபடி புரட்டாமல் முதலாம் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள தேவைகளைக் கார் நிறைவேற்றுகிறதா என்பதே கேள்வி. கடைசி சேர்விஸ் பற்றி விற்பவர் என்ன சொல்லியிருந்தாலும், எஞ்சின் ஒயிலையும் பில்டரையும் மாற்றி, அன்றைய மீற்றர் அளவைக் குறித்து, அங்கிருந்து உங்கள் சொந்தக் கணக்கைத் தொடங்குங்கள்.