முப்பரிமாண மார்பக ஸ்கேன்: படம் கெடாமல் எடுக்கும் முறை

அடர்த்தியான மார்பகத்தில் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் திணறும். அங்கே தானியங்கி முப்பரிமாண அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கும். ஆனால் துணைக்கு மட்டும்தான். பொடிப்பொடியான கால்சியப் புள்ளிகளை நம்பகமாகக் காட்டுவது மேமோகிராமே.

படம் கெடுவது பெரும்பாலும் படுக்க வைப்பதில்தான். மல்லாக்கப் படுக்கவைத்து, எடுக்கும் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத் தோளின் அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். காம்பு நேராகக் கூரையைப் பார்க்க வேண்டும். மார்பகம் பக்கவாட்டில் சரிந்தால் அங்கே திசு தடித்து, அடியாழம் மங்கிவிடும்.

லோஷனில் சிக்கனம் பார்க்காதீர்கள். காம்பைச் சுற்றி இன்னும் தாராளமாக. துளி காற்று புகுந்தாலும் அதன் கீழே கறுப்புப் பட்டை விழும். அதற்குள் கட்டி இருந்தாலும் தெரியாது. ஒலியலையை அனுப்பிப் பெறும் டிரான்ஸ்டியூசர் சுமார் 15 செ.மீ. அகலம்; அதை ஒரே சீராக அழுத்துங்கள்.

ஒரு மார்பகத்துக்கு நடு, வெளி, உள் என மூன்று ஓட்டம் (ஒருமுறை ஸ்கேன் எடுப்பது ஓர் ஓட்டம்). ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம். பெரிய மார்பகமானால் மேலும் கீழும் கூடுதலாக எடுங்கள். மெதுவாக மூச்சு விடலாம், பேசக் கூடாது. இருமினால் படம் அலையலையாக நெளியும். அந்த ஓட்டத்தைத் திரும்ப எடுப்பதே மேல். ஒவ்வொரு ஓட்டத்திலும் திரையில் காம்பைக் குறியுங்கள். மறந்தால் கட்டியின் இடம் கணக்கில் வராது.

கையால் எடுக்கும் ஸ்கேனில் கிடைக்காத கொரோனல் வெட்டுதான், அதாவது மார்பகத்தை முன்னிருந்து அடுக்கடுக்காகக் காட்டும் படம்தான், இதன் பலம். தோலிலிருந்து மார்புச் சுவர் வரை தாள் புரட்டுவதுபோல் இறங்குங்கள். சுற்றியுள்ள திசுக்கோடுகள் ஒரு புள்ளியை நோக்கி நட்சத்திரம்போல் இழுபட்டிருந்தால் அங்கே நில்லுங்கள்: புற்றுக்கட்டியாக இருக்கலாம். பழைய அறுவைத் தழும்பும் இப்படியே இழுக்கும், முன்பு அறுவை நடந்ததா என்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் நிழலா என்ற ஐயம் வந்தால் அடுத்த ஓட்டத்தில் தேடுங்கள்: உண்மையான கட்டி அங்கும் இருக்கும். ஒரு வெட்டில் உருண்டையாகத் தெரிந்து, இன்னொன்றில் நீண்டு பக்கத்துக் கொழுப்போடு சேர்ந்துவிட்டால் அது கொழுப்புத் துண்டு.

அக்குள் இந்த ஓட்டங்களில் முழுதாக அடங்காது. சந்தேகமான இடத்தையும் அக்குளையும் கை டிரான்ஸ்டியூசரால், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரோடு மறுபடி பாருங்கள். கைக்குத் தட்டுப்படும் கட்டி இருந்தால், முப்பரிமாணப் படம் சுத்தமாக வந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். 'வலது, 10 மணி, காம்பிலிருந்து 4 செ.மீ., ஆழம் 12 மி.மீ.' என்று (மார்பகத்தைக் கடிகார முகமாகக் கொண்டு மணியைச் சொல்லி) எழுதினால்தான் பயாப்சிக்குத் திசு எடுப்பவர் அதே இடத்தில் ஊசியை இறக்க முடியும்.