பிடிவாரண்ட் போட்டுவிட்டார்களா? ரீகால் செய்த கதையும் வழிமுறையும்

என் வழக்கு சின்னது. பைக்கில் போகும்போது ஒரு பெரியவர் மீது இடித்துவிட்டேன், அவருக்குக் கையில் காயம். பழைய தண்டனைச் சட்டத்தின் 279, 337 பிரிவுகள். ஸ்டேஷன் ஜாமீனில் வெளியே வந்து நடுவர் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். வழக்கு வேறொரு கோர்ட்டுக்கு மாறிய விஷயம் எனக்குத் தெரியவில்லை. வாய்தா தவறியது, பிடிவாரண்ட் போட்டுவிட்டார்கள். அதை ரத்து செய்ய (கோர்ட்டில் ரீகால் என்பார்கள்) அலைந்ததில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டு நடுவர் நீதிமன்றங்களில் நடக்கும் சிறிய வழக்குகளுக்கு இது பொருந்தும். பெரிய வழக்கென்றால் வக்கீலிடம் பேசாமல் எதுவும் செய்யாதீர்கள்.

1. வாரண்ட் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்

வாய்தாவுக்குப் போக முடியாது என்று முன்பே தெரிந்தால் வக்கீல் மூலம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 317ஆம் பிரிவில் பெட்டிஷன் போட வேண்டும். அன்றைக்கு மட்டும் நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கும் மனு அது. அதற்குப் பதில் வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 355. காய்ச்சல் என்றால் மருத்துவச் சீட்டு, வெளியூர் என்றால் டிக்கெட், இப்படி ஏதாவது ஒன்றை இணையுங்கள். காரணத்தை வாயால் சொன்னால் எல்லா நடுவரும் ஏற்க மாட்டார்கள்.

வாய்தா தேதிக்கு யாரையும் நம்பாதீர்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் 16 எழுத்துள்ள சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி எண்) போட்டால் அடுத்த தேதி, எந்தக் கோர்ட், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது எல்லாம் தெரியும். குமாஸ்தா போன் செய்வார் என்று காத்திருப்பதைவிட இது நூறு மடங்கு மேல். ஞாயிறுதோறும் பார்த்துவிடுவேன்.

2. போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால்

ஒளிய வேண்டாம். கோர்ட் ரத்து செய்யும்வரை அல்லது போலீஸ் நிறைவேற்றும்வரை வாரண்ட் உயிரோடுதான் இருக்கும், நாள் ஆனதால் காலாவதி ஆகாது. தலைமறைவு என்று கோர்ட் கருதினால் அடுத்து தேடப்படுபவர் என்ற பிரகடனம், சொத்து ஜப்தி என்று போகும். ஜாமீனில் இருந்துகொண்டு காரணமில்லாமல் வராமலிருப்பது தனிக் குற்றமும்கூட: புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 269, ஓராண்டு வரை சிறை.

3. ரீகால் மனு

அந்தக் கோர்ட்டிலேயே பழகிய வக்கீலைப் பிடியுங்கள். வேறு ஊர் பெரிய வக்கீலைவிட அவரே இதற்கு உதவுவார். வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, உதவி எண் 15100.

மனுவில் எந்தத் தேதி வரவில்லை, ஏன் வரவில்லை, இனி தவறாமல் வருவேன் என்ற மூன்றும் தெளிவாக இருக்கட்டும். காலை பத்தரைக்குள் கோர்ட்டில் இருங்கள். அடையாள அட்டை, பழைய ஜாமீன் உத்தரவின் நகல், முடிந்தால் ஜாமீன்தாரர் எல்லாம் கூடவே வரட்டும். பெயர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறி நில்லுங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அபராதமோ புதிய ஜாமீன் பத்திரமோ கேட்கலாம். பலமுறை தவறியிருந்தால் ரிமாண்டுக்கும் (சிறைக் காவலுக்கு அனுப்புவது) வாய்ப்புண்டு, அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டே போங்கள்.

சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022இல் உறுதிசெய்த வழிகாட்டுதலையும் வக்கீலிடம் கேளுங்கள். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றம், புலனாய்வின்போது கைதாகாமல் ஒத்துழைத்தவர் என்றால், அடுத்த வாய்தாவுக்கு வருவதாக உறுதி கொடுத்து, நேரில் வராமலே வாரண்டை ரத்து செய்யவோ பிணை வாரண்டாக (ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட்) மாற்றவோ கேட்கலாம். வாரண்ட் நிறைவேறுவதற்கு முன் மனு போட்டிருக்க வேண்டும். ஆனாலும் என் கருத்தில் நேரில் போய் நிற்பதே நல்லது.

4. நான் மாட்டிக்கொண்ட இடம்

நடுவர் ரத்து செய்துவிட்டார். நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். மூன்று வாரம் கழித்து காலை ஆறரைக்கு வாசலில் ஒரு ஏட்டு. அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். "தம்பி, உங்க பேர்ல பிடிவாரண்ட் பெண்டிங் இருக்கு" என்றார் ஏட்டு. ரத்தான செய்தி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரவே இல்லை. கையில் ஒரு தாளும் இல்லாமல், வக்கீல் போன் எடுக்கும்வரை ஒன்றரை மணி நேரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு அன்று ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஆகவே ரத்தான அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். வாரண்டைத் திரும்ப அனுப்பச் சொல்லி ஸ்டேஷனுக்குக் கடிதம் போனதா என்று பெஞ்ச் கிளார்க்கிடம் கேளுங்கள். நகல் கிடைத்ததும் நீங்களே ஸ்டேஷனுக்குப் போய், கோர்ட் வேலை பார்க்கும் காவலரிடம் ஒரு பிரதி கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அதன் படம் எப்போதும் போனில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை

பிரிவு எண் எதை எழுதுவது என்று பலர் கேட்டீர்கள். 2024 ஜூலை 1க்கு முன்பே கோர்ட்டில் நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமே தொடரும். அதில் ரீகால் 70(2), புதியதில் 72(2).

ஜாமீன் போட்ட மாமாவுக்கு நோட்டீஸ் வந்திருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். நீங்கள் வராததால் பத்திரத் தொகையை ஏன் கட்டக்கூடாது என்று கேட்கும் நோட்டீஸ் அது, பழைய 446, புதிய 491. ரீகால் ஆனதும் தானாக முடிந்துவிடும் என்று விடாதீர்கள், அவர் பெயரில் தனியாக விளக்க மனு கொடுக்க வேண்டும்.

ரீகாலுக்கு முன்பே போலீஸ் வந்துவிட்டால் வாரண்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டியாக வேண்டும். நீதிபதி கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் ஆஜர்படுத்த வேண்டும், வக்கீல் அங்கேயே ரீகால் மனுவோடு நிற்கட்டும்.