கல்லீரல் புற்று: சிகிச்சைக்குப் பிந்தைய எம்.ஆர்.ஐ.யில் தவறும் இடங்கள்

கட்டி சுருங்கவில்லை, அதனால் சிகிச்சை பலிக்கவில்லை என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. மைக்ரோவேவ், ஆர்.எஃப்.ஏ. (ரேடியோ அலை) என்ற, கட்டியைச் சூட்டால் கருக்கும் முறைகளில் அதைச் சுற்றி 5 முதல் 10 மி.மீ. நல்ல திசுவையும் சேர்த்தே கருக்குவார்கள். முதல் ஸ்கேனில் அந்த இடம் பழைய கட்டியைவிடப் பெரிதாகத்தான் தெரியும். பார்க்க வேண்டியது, தமனி ரத்தம் இன்னும் பாயும் பகுதி, அதாவது உயிருள்ள புற்று, மிச்சம் இருக்கிறதா என்பதை. கல்லீரல் புற்றில் சிகிச்சையின் பலனை மதிப்பிடும் எம்ரெசிஸ்ட் முறை அளப்பதும் அதைத்தான்: அப்பகுதியின் நீளம் 30% குறைந்தால் பகுதிப் பலன், 20% கூடினால் நோய் முற்றுகிறது.

அங்கேயும் ஒரு பொறி உண்டு. கருகிய திசுவும் உறைந்த ரத்தமும் கான்ட்ராஸ்ட் (ரத்தம் பாயும் இடத்தை ஒளிரக் காட்டும் மருந்து) செலுத்தும் முன்பே டி1 என்ற எம்.ஆர்.ஐ. பட வகையில் வெளுப்பாக இருக்கும். மருந்து தமனிகளில் பாயும் நேரத்தில் எடுக்கும் தமனிக் கட்டப் படத்தை மட்டும் பார்த்தால் உயிருள்ள புற்று என்றே தோன்றும். கான்ட்ராஸ்டுக்கு முந்தைய படத்தைப் பிந்தையதிலிருந்து கழித்த சப்ட்ராக்‌ஷன் படம் இல்லாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்தக் கழித்தலும் மூச்சை நம்பியது. இரண்டு முறையும் மூச்சு ஒரே அளவில் நிற்காவிட்டால் விளிம்பில் பொய்யான வெள்ளைக் கோடு விழும். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னால் கல்லீரல் ஏறத்தாழ அதே இடத்துக்குத் திரும்பும். சிறுநீரக ஓரத்திலும் அதே கோடு தெரிந்தால் அது புற்று அல்ல, அசைவு.

கருக்கிய இடத்தைச் சுற்றி மெல்லிய, சீரான வளையம் முதல் சில மாதங்களில் ஒளிர்வது பெரும்பாலும் அழற்சி. ஒரு பக்கம் தடித்தோ முடிச்சாகவோ ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

காடாக்ஸெடேட் என்ற, கல்லீரல் செல்கள் உறிஞ்சும் கான்ட்ராஸ்ட் மருந்தைப் போட்டால் 'வாஷ்அவுட்'டை (ஒளிர்ந்த கட்டி பிறகு சுற்றுத் திசுவைவிடக் கருத்துப்போவதை), தமனிக் கட்டத்தை அடுத்து வரும் போர்ட்டல் சிரைக் கட்டத்தில் மட்டும் பாருங்கள். பிறகு நல்ல கல்லீரலே மருந்தை உறிஞ்சி வெளுப்பதால் கட்டி சும்மாவே கருத்துத் தெரியும்.

அதிகம் அவசரப்படுவது கதிர்வீச்சில்தான். எஸ்.பி.ஆர்.டி. (வெளியிலிருந்து குறிபார்த்துப் பாய்ச்சும் கதிர்வீச்சு), ஒய்-90 (தமனி வழியே கட்டிக்குள் செலுத்தும் கதிரியக்கத் துகள்கள்) சிகிச்சைக்குப் பின் தமனிக் கட்ட ஒளிர்வு பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். அளவு கூடாமல் இருந்தால் அது தோல்வி அல்ல. 2024-இல் லை-ராட்ஸ் (கல்லீரல் புற்று ஸ்கேன்களை வகைப்படுத்தும் முறை) கதிர்வீச்சுக்கு எனத் தனி வழிமுறை வகுத்து, 'முன்னேறாதது' (நோய் முற்றவில்லை) என்ற பிரிவைச் சேர்த்ததும் இதற்காகவே.

ஸ்கேன் சீட்டில் 'ஃபாலோ-அப்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். என்ன சிகிச்சை, எந்தத் தேதி என்பது இல்லாமல் மேற்சொன்ன எதையும் பிரித்தறிய முடியாது. சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேனின் அறிக்கைத் தாள் போதாது. படங்கள் உள்ள சிடியையும் கொண்டுபோங்கள்.